ஞாயித்துக்கிழமை வடிச்ச டீசல்

வாங்க, வாங்க. எந்திரிச்சு வந்து கும்பிட முடியலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பத்தான் ரெண்டு டப்பா மருந்தையும் ஒண்ணாக் கலந்து ட்ராக்டரு டீசல் டேங்குக்குள்ள ஊத்துனேன். கலந்துட்டா அப்பறம் அது நம்ம பேச்சக் கேக்காதுங்க. அர மணி நேரம், மிஞ்சிப் போனா முக்கா மணி நேரம். அதுக்குள்ள டேங்கை இப்பிடி மெதுவாப் பொரட்டிப் பொரட்டி உள்ளாற எல்லா மூலைக்கும் ஓட உடோணும். கீழ வெச்சுட்டு எந்திரிச்சா ஒரே பக்கமாப் போயிக் கட்டிக்கும். அந்தக் கட்டலு மேல கெடக்கற சாக்கைத் தள்ளிப்போட்டு உக்காருங்க.

பூவாத்தா, ஒறம்பரை வந்திருக்காங்க பாரு. காப்பி வெய்யி.

நீங்க சொல்லவே வேண்டாமுங்க. என்ற தம்பி துரைசாமி பொண்ணு இந்துமதி விசயமா விசாரிக்கத்தான வந்திருக்கீங்க? நெனச்சேன். மாப்பளைக்குத் தாய்மாமனுங்களா? நல்லதுங்க. ஊருக்குள்ள டீக்கடையில கேட்டிருப்பீங்க. அவிய, "எங்களுக்கென்னங்க தெரியும், அண்ணங்காரரு சென்னியப்பன் தோட்டத்துல போயிக் கேளுங்க"ன்னு கையக் காட்டி உட்டிருப்பாங்க. வர்றவங்களையெல்லாம் அப்பிடித்தானுங்க உடறாங்க. அதுவும் மொறைதான். பங்காளி ஊட்ல விசாரிக்காம யாராச்சும் பொண்ணு எடுப்பாங்களா? பெத்தவங்க நல்லதத்தான் சொல்லுவாங்க. பங்காளி வாயில நல்ல பேரு வந்தா அதுதான் நல்ல பேரு.

நானே சொல்றனுங்க, அந்தப் புள்ள தங்கம். தாராளமாப் போயி உங்க அக்கா ஊட்ல சொல்லுங்க. எனக்குக் கொழந்த கெடையாதுங்க. ரெண்டு ஊட்டுக்கும் சேத்து அவ ஒருத்திதான். ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. ஊசி குத்துனா குத்துனதே தெரியாது, எனக்கே எடுத்திருக்கா. கோவமுங்களா? சேச்சே. அவங்கப்பன் மாதிரியெல்லாம் கெடையாது, அதுல கால்வாசிகூட வராது. சாதகமா? செவ்வாயெல்லாம் இல்லீங்க, வேற என்னமோ சின்னதா ஒண்ணு இருக்குதுன்னாங்க, அதுக்குப் பரிகாரம் பண்ணியாச்சு. வயசு மட்டும் வர்ற தை வந்தா முப்பத்தொண்ணு. உங்ககிட்ட இருவத்தெட்டுன்னா சொன்னாங்க? அப்பிடீன்னா இருவத்தெட்டுன்னே வெச்சுக்கங்க. எனக்கெதுக்கு பொல்லாப்பு.

சித்த அந்தப் பக்கம் புடிங்க. அப்பிடியே, அப்பிடியே. மூடி இருக்கற எடத்துல கை வெக்காதீங்க, டேப்புத்தான் ஒட்டியிருக்கறேன், பிச்சுக்கிட்டு வந்துரும். ஆச்சு, உடுங்க.

இது எதுக்கு இந்த நேரத்துல பாத்துட்டு இருக்கறேன்னு நெனைப்பீங்க. எல்லாம் இந்தக் கல்யாணத்துக்குத்தானுங்க. கல்யாணம்னா ட்ராக்டர் இல்லாம முடியுங்களா? பந்தச் சாமான் ஏத்தோணும், தண்ணி இழுக்கோணும், மூட்டை முடிச்சு எத்தன. எல்லாத்தயும் உடுங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் பெரியப்பனக் கூப்படாம இருக்க முடியுமா? தம்பி வெத்தல பாக்கோட இந்தக் கட்டுத்தரைக்கு வந்துதான் ஆகோணும். வந்து, "அண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகோணும். ரெண்டு வருசமாச்சுங்க அவன் இந்தப் பக்கம் காலெடுத்து வெச்சு. அதா தெரியுது பாருங்க ஓட்டு ஊடு, அதுதான் அவன் ஊடு. இங்கிருந்து தும்முனா அங்க கேக்கும். கேட்டும் திரும்பிப் பாக்க மாட்டான். அவன் வர்றப்ப வண்டி ஸ்டார்ட் ஆகோணும். அவ்வளவுதானுங்க என்ற ஆசை.

நாலு நாளா இதே வேலைதான். டேங்கைக் கழட்டி எடுத்துத் தட்டுனனுங்க, உள்ளாறருந்து மொளகாப்பொடியாட்டக் கொட்டுச்சு. கை நெறைய அள்ளலாம். அப்பறம் நட்டு போல்ட்டு, பழைய சங்கிலித் துண்டு, பொடி ஜல்லி எல்லாத்தயும் உள்ளாற போட்டு, சோப்புத் தண்ணி ஊத்தி, அரை நாளு குலுக்கு குலுக்குன்னு குலுக்குனேன். தோளு ரெண்டும் கழண்டு போச்சு. அப்பறம் துரு எடுக்கற ஆசிட்ட ஊத்தி ஒரு நாளு ஊற வெச்சு, சோடா உப்புத் தண்ணியில அலசி, ஈரம் நிக்கறதுக்குள்ள காத்தடிச்சுக் காய வெச்சு. காய வெக்கறதுல ஏமாந்தா மறுபடியும் செவந்து போகுமுங்க, அர மணி நேரத்துல. வெயில்ல தூக்கிப் புடிச்சு உள்ளாற பாத்தா, ஊசி ஊசியா வெளிச்சம் வருது. ஒண்ணு ரெண்டில்ல, ஏழு ஓட்டை. புதுசு வாங்கலாமுன்னா இந்த மாடலுக்குக் கெடைக்கறதில்லீங்க. அதுக்குத்தான் இந்த மருந்து. உள்ளாற ஒரு தோலு மாதிரி புடிச்சுக்குமாம், ஓட்டையெல்லாம் அதுவே அடச்சுக்குமாம்.

காங்கயத்துல ஒரு மெக்கானிக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரு டேங்கைப் பாத்த ஒடனே கேட்டாரு, "ஏனுங்க, இதக் காலியாவே வெச்சிருந்தீங்களா?"ன்னு. டேங்க் நெறைய எண்ணெய் நின்னா பத்து வருசமானாலும் துரு எட்டிப் பாக்காதாம். காலியாக் கெடந்தாத்தான் வெயிலுக்கும் பனிக்கும் உள்ளாற வேர்த்துக்குமாம். அந்த வேர்வைதான் துருவாம். எனக்கு அப்பவே வெளங்கிப் போச்சுங்க, இதுக்குக் காரணம் என்ற தம்பிதான்னு.

சொல்றேன், கேளுங்க. பாகம் பிரிச்சப்ப காடு ரெண்டாச்சு, மாடு ரெண்டாச்சு. கெணறும் ட்ராக்டரும் மட்டும் பொதுவு. கெணத்துக்கு நாளு மொறை, ட்ராக்டருக்கு வார மொறை. ஞாயித்துக்கிழமை பொழுதோட ஒருத்தரு கொண்டு போயி இன்னொருத்தரு வாசல்ல நிறுத்தோணும். சாவி வண்டியிலயே இருக்கும். நல்லாத்தான் போச்சுங்க ஆறு மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை மறதியா அரை டேங்க் டீசலோட கொண்டு போயி நிறுத்திட்டேன். அந்த வாரம் அதுலயே ஓட்டிக்கிட்டான். ஓட்டட்டும், தம்பிதான. அடுத்த ஞாயிறு கொண்டாந்து நிறுத்துனான், குச்சிய உட்டுப் பாத்தா பொட்டு ஈரமில்ல. "ஏண்டா, அரை டேங்க் இருந்துச்சே"ன்னு கேட்டேன். "நான் குச்சி உட்டுப் பாக்கலீங்ணா"ங்கறான். பாக்கலீன்னா என்னங்க அர்த்தம்? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு வளத்த ஊடு எங்குளுது.

அதுக்கப்பறம் நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மதியம் சோறு உண்டுட்டு, டேங்குக்கு அடியில இருக்கற நட்டைக் கழட்டி, மிச்சம் மீதி டீசலக் கேன்ல வடிச்சுக்குவேன். அப்பறந்தான் வண்டி போகும். பைப்புல நிக்கற சொச்சத்துல அவன் வாசல் வரைக்கும் ஓடும். அவனும் பாத்தான். அவனும் அதே மாதிரி ஆரம்பிச்சுட்டான். ஒம்பது வருசம் அப்பிடியே ஓடுச்சுங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பொங்கலுக்கு அவன் ஊட்டுப் பொங்கலு இங்க வரும், எங்க ஊட்டது அங்க போகும். தாயும் புள்ளையும் ஒண்ணானாலும் வாயும் வகுறும் வேற வேறம்பாங்களே, அது மாதிரி. டீசலு மட்டும் அவனவன் கேன்ல.

யாரு ஆரம்பிச்சது, நீங்களே சொல்லுங்க. அவன் அன்னைக்கு அரை டேங்க் உட்டுட்டுக் குடுத்திருந்தா, நான் எதுக்கு நட்டுல கை வெக்கறேன்? ஒம்பது வருசம் காலியாவே கை மாறுனா டேங்க் என்னத்துக்கு ஆகும்?

காப்பி எடுத்துக்கங்க. ஆறப் போட்டுறாதீங்க. பூவாத்தா, எதுக்கு அங்கயே நின்னுக்கிட்டு கண்ணைக் காட்டற? இவரு நம்ம மனுசரு. போ, நாம் பேசிக்கறேன்.

என்ற சம்சாரத்துக்கு எப்பவும் இதே பயம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணி வெய்யின்னு சொல்லுவாங்க, நீங்க ஒரே ஒரு பொய்யி சொன்னாப் போதும், இல்லாட்டி வாயாச்சும் தொறக்காம இருங்கங்கறா. எனக்கு அது வராதுங்க. வாயில வந்தத முழுங்கத் தெரியாது. நாளைக்கு வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சா, பெரியப்பங்காரன் மறச்சுட்டானேன்னு அந்தப் புள்ளையைத்தான பேசுவீங்க? அதுக்குத்தான் முன்னாலயே எல்லாத்தயும் சொல்லிருவேன்.

மொதல்ல ஒரு எடம் வந்து நின்னு போச்சே, அது தெரியுமுங்களா? தெரியாதா? நானும் நெனச்சேன், அதச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு. சொல்லிர்றேன்.

அது நல்ல எடமுங்க. மாப்பள காலேஜுல வாத்தியாரு. பாத்தாச்சு, புடிச்சாச்சு, ஒரு திங்கக்கெழமை மாப்ள ஊட்லருந்து உறுதி பண்ண வர்றாங்கன்னு பேச்சு. எனக்குச் சொன்னாங்க. சொன்னாங்கன்னா, தம்பி வந்து சொல்லல. அவன் சம்சாரம் சுலோச்சனா வேலியோரமா நின்னு பூவாத்தாகிட்டச் சொல்லியிருக்கா, மாமனையும் கூட்டிட்டு வந்துருங்கக்கான்னு. அது சொன்னதுல சேருமுங்களா? அண்ணனுக்குத் தம்பிதான வந்து சொல்லோணும்? சுலோச்சனா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?

மொத நாளு ஞாயித்துக்கிழமை. வண்டி தம்பி மொறைக்குப் போகோணும். நான் எப்பவும் போல மதியம் வடிச்சேன். பூவாத்தா கேட்டா, "நாளைக்கு விசேசம், இன்னைக்கு ஒரு நாளு உட்டுக் குடுத்தா என்ன, மழை வேற கட்டுது"ன்னு. ஒரு வாரம் மாத்துனா அவன் என்ன நெனப்பான்? எறங்கி வந்துட்டான் அண்ணன்னு நெனப்பான். வடிச்சுட்டுத்தான் கொண்டு போயி நிறுத்துனேன்.

ராவெல்லாம் மழைங்க. காத்தால பத்து மணிக்கு மாப்ள ஊட்டு வேன் வந்து தடத்துக்குக் குறுக்க ஓடற ஓடையில எறங்குது, பின் சக்கரம் ரெண்டும் பொதைஞ்சு போச்சு. இதே எடத்துல உக்காந்துதான் பாத்துட்டு இருந்தேன், நல்லாத் தெரியும் இங்கருந்து. வேட்டி கட்டுன ஆளுக நாலு பேரு எறங்கித் தள்றாங்க, அசையல. தம்பி ஓடி வந்து ட்ராக்டர எடுத்தான். அவசரத்துல டேங்கைப் பாக்கல. பட்டு வேட்டியோட ஏறி உக்காந்து கெளப்பிட்டான். பைப்புல இருக்கற சொச்சத்துல ஓடுச்சு. சரியா ஓடை எறக்கத்துல, வேனுக்கும் அதுக்கும் நாலு முழம் இருக்கறப்ப நின்னு போச்சு. பொட்டுப் பொட்டுன்னு ரெண்டு சத்தம், அவ்வளவுதான்.

கேனு இங்கதானுங்க இருந்துச்சு, அதா அந்தச் செவுத்தோரம். முக்கா கேன். தம்பி ட்ராக்டரு மேல உக்காந்தபடியே இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான். நான் இருக்கறது அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை, "அண்ணா, கேனக் கொண்டா"ன்னு சொல்லியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டனா? சொல்லலியே. பாத்துட்டே இருந்தான். நானும் பாத்துட்டே இருந்தேன். அப்பிடியே கொண்டு போயிருந்தாலும் பிரயோசனமில்லீங்க. டீசல் தீந்து நின்னா லைன்ல காத்துப் புடிச்சுக்கும். ஊத்துன ஒடனே கெளம்பாது, காத்து எடுக்கோணும், அதுக்குப் பத்து நிமிசம் ஆகும். மெக்கானிக்குகிட்டக்கூடக் கேட்டுட்டேன். ஆமாங்க பத்து நிமிசம் ஆகும்னுதான் சொன்னாரு.

பத்து நிமிசம் அவிய பொறுக்கல. எறங்கி நடந்தாங்க. மாப்பளைக்கு அம்மா சேத்துல வழுக்கி உழுந்து, கையி மணிக்கட்டுல முறிஞ்சு போச்சு. தட்டுல இருந்த தேங்கா, பழம், குங்குமம் எல்லாம் ஓடைத்தண்ணியில. அப்பறம் உறுதி எங்க பண்றது? அப்பிடியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிட்டாங்க. ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லி உட்டாங்க, சகுனம் சரியில்லீன்னு. அந்தப் புள்ள பொடவை கட்டி, தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு, வாசல்ல நின்னு எல்லாத்தயும் பாத்துட்டு இருந்தா. எனக்கு மனசு பொக்குனு போச்சுங்க. அன்னைக்கு நான் சோறு திங்கல.

அடுத்த ஞாயிறு என்ற மொறை. வண்டி ஒரு வாரமா ஓடையிலயே நின்னுச்சு, அவன் தொடல. நாந்தான் போயிக் காத்து எடுத்து ஓட்டிட்டு வந்தேன். அதுக்கடுத்த ஞாயிறு மொறைப்படி கொண்டு போயி அவன் வாசல்ல நிறுத்துனேன். வடிச்சுட்டாவா? வடிச்சுட்டுத்தானுங்க, வழக்கம்னா வழக்கம். அவன் வெளியவே வரல. இந்துதான் வந்தா. "அப்பா வேண்டாங்கறாரு பெரீப்பா, நீங்களே வெச்சுக்குவீங்களாமா"ன்னா. திருப்பிட்டு வந்து இந்தக் கொட்டாய்க்குள்ள நிறுத்துனவன்தான், நானும் ஓட்டலீங்க. உழவுக்கெல்லாம் வாடகை வண்டிதான். பொது வண்டிய ஒத்தையா ஓட்டுனா அது களவாயிரும். அவன் மொறை வாரம் அவனுக்காக நிக்கும், என்ற மொறை வாரம் அதுவும் அவனுக்காகவே நிக்கும். ரெண்டு வருசம். எனக்கு அவன் வேணுமுங்க. சொல்ல வெக்கமென்ன, இருக்கறது அவன் ஒருத்தன்தான். சட்டை போட்டு உட்டது நானு, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனது நானு.

அப்பறம் போன வருசம் தாராபுரத்துலருந்து ஒரு எடம் வந்துச்சு. உங்களாட்டந்தான், ரெண்டு பேரு. அந்தக் கட்டலுலதான் உக்காந்தாங்க. அவியளுக்கும் மொத எடம் நின்னு போனது தெரியாது. நாந்தான் சொன்னேன், இந்த மாதிரி ஓடையில உழுந்து கையி முறிஞ்சு போச்சுங்க, ஆனா அதுக்கும் புள்ளைக்கும் சம்பந்தமில்லீங்க, டீசலு இல்லாததுதான் காரணம்னு வெளக்கமாச் சொன்னேன். தலைய ஆட்டித்தான் கேட்டாங்க. காப்பி குடிச்சாங்க. அப்பறம் ஏனோ வரல. ஊரு வாய மூட ஒல மூடியா இருக்குது, வேற யாரோ என்னமோ சொல்லியிருப்பாங்க. சுலோச்சனா அன்னைக்கு வேலியோரம் நின்னு பூவாத்தாகிட்ட அழுதாளாம். இன்னும் ஒரு எடம் வந்து தட்டுனா அப்பறம் அந்தப் புள்ள கல்யாணப் பேச்சே எடுக்க உட மாட்டா அக்கா, சொல்லிட்டா அக்கான்னு. அதுக்குத்தானுங்க சொல்றேன், இந்த எடம் முடியோணும். நீங்க நல்ல மனுசரு, மொகத்தப் பாத்தாலே தெரியுது.

அட. அடச்சே.

பேச்சுல திருப்பறத மறந்துட்டனுங்க. எவ்வளவு நேரமா மடியில வெச்சமேனிக்கு உக்காந்துட்டு இருக்கறேன்? இருங்க, இருங்க. கவுத்துப் பாக்கறேன். ஓடல. சுத்தமா ஓடல. இந்தப் பக்கம் தட்டிப் பாருங்க, மொத்து மொத்துங்குது. அந்தப் பக்கம் தட்டுனா வெறும் தகரம். மொத்த மருந்தும் அடியில எறங்கி அந்த நட்டு ஓட்டை மேலயே கட்டிக்கிச்சு. இது கல்லாயிட்டா எடுக்க முடியாதுங்க, மெக்கானிக்கு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாலு நாளு வேலை. தோளு கழண்டு போற அளவுக்குக் குலுக்குனேன். போச்சு.

ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க உக்காருங்க, காப்பியே குடிக்கலியே நீங்க.

யாரு அது ஸ்கூட்டியில? இந்துவா? இன்னைக்கு மதியத்தோட டூட்டி முடிஞ்சுதா கண்ணு? பூவாத்தா, நீதான் போன் பண்ணுனியா? எதுக்கு? சரி, வந்தது நல்லதாப் போச்சு. வா சாமி. இவரு யாருன்னு தெரியுதா? மாப்பளைக்குத் தாய்மாமன். கும்பிட்டுக்க. பாத்தீங்களா, இதுதானுங்க புள்ள. நேர்லயே பாத்துட்டீங்க.

என்ன கேக்கற? ஆமா, எல்லாம் பேசிட்டோம். மொத எடத்து விசயமா? அதயும் சொல்லிட்டேன். ஆமா, கையி முறிஞ்சதயும். வயசையா? வயசு அவரா கேட்டாரு கண்ணு, நானாச் சொல்லல. எதுக்கு அப்பிடிப் பாக்கற? ஒளிச்சு வெச்சுப் பண்ற கல்யாணம் நமக்கு வேண்டாம் சாமி. பெரீப்பன் உனக்குக் கெட்டது நெனப்பனா? நெனைக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரியும்னு தலைய ஆட்டறா பாருங்க.

அது கையில மருந்து ஒட்டிருச்சு கண்ணு, அப்பறமாத் தொடச்சுக்கறேன். நீ எதுக்கு தின்னர் பாட்டல எடுத்துட்டு வர்ற, உன்ற பொடவையில பட்டுரும். சரி, தொடச்சு உடு. பாருங்க, இப்பிடித்தானுங்க. வெரலு வெரலாத் தொடைக்கறா. பெத்த புள்ளைகூட இப்பிடிச் செய்யாதுங்க. கண்ணு, எதுக்கு இப்பிடி அழுத்தித் தேய்க்கற? ஊசி குத்துனாக்கூட வலிக்காத கையாச்சே உன்றது. சரி, சரி. நான் ஒண்ணும் கேக்கல.

போறியா? காப்பி குடிச்சுட்டுப் போ. இல்லயா. சரி போயிட்டு வா. நடந்தேவா போற? ஸ்கூட்டி இங்கயே நிக்குதே. சரி, நிக்கட்டும், அப்பறமா வந்து எடுத்துக்க.

வண்டியக்கூட உட்டுட்டுப் போறா பாருங்க. அவங்கப்பன் மாதிரி. அவனும் இப்பிடித்தான், திட்டுனாக்கூடப் பரவால்ல, திட்ட மாட்டான்.

நீங்களும் எந்திரிச்சுட்டீங்களா? உக்காருங்க. ஒரு வாய் உண்டுட்டுப் போலாம். நேரமாச்சா. சரிங்க. உங்க அக்கா ஊட்ல என்னன்னு சொல்லுவீங்க? கேக்கக் கூடாதுதான். பாத்துட்டுச் சொல்றீங்களா.

பாத்துட்டுச் சொல்றோம்னுதானுங்க தாராபுரத்துக்காரங்களும் சொன்னாங்க.

ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா? சொல்லியிருந்தா அது என்ற தப்பு, என்னோட போகட்டும். டீசலு வடிச்சது நானு. கேன வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நானு. அந்தப் புள்ள வாசல்ல பூ வெச்சுட்டு நின்னதத் தவுர ஒண்ணுமே பண்ணலீங்க. அத மட்டும் உங்க அக்காகிட்டச் சொல்லுங்க. மத்ததெல்லாம் இங்கயே உட்டுட்டுப் போயிருங்க. உட முடியுமுங்களா?

சரிங்க. போயிட்டு வாங்க. வண்டிய அந்தப் பக்கம் திருப்பாதீங்க, அது தம்பி வாசல் வழியாப் போகும். காத்தாலருந்து சட்டை போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கறான், பாத்தேன். மொதல்ல அவன் ஊட்டுக்கு வருவீங்கன்னு நெனச்சுட்டு இருக்கான். எங்கிட்டருந்து போறதப் பாத்தான்னா, இதுவும் முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும். இப்பிடி கொட்டாய்க்குப் பின்னால மறைவா, மேட்டுக்காட்டுத் தடத்துல போயிருங்க. கொஞ்சம் சுத்துத்தான். இன்னைக்கு ஒரு பொழுதாச்சும் அவன் காத்துட்டு உக்காந்திருக்கட்டுமுங்க.